பழைய மோட்டார் வண்டியும் பொய்யுரைக்கும் பெற்றோல் மானியும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் ஓடக் காண்கின்றோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்தமைத்த மைனர் வண்டி 1948 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோகுமுன் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1990 இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவை இத்தகைய வண்டிகளே. ஆதலின் இவற்றைப் பேணுவோர் கொண்ட பற்று வெறும் பழம்பொருட் பற்றன்று. நன்றிக்கடனும் அதனுட் கலந்துள்ளது.

இவ்வண்டிகளின் பழைய வயர்கள் இறப்பர் உறையும் அதன்மேற் பருத்தி நூற்பின்னலும் உடையன. அறுபது ஆண்டு வெப்பத்தில் இறப்பர் காய்ந்து பொடியாகின்றது. உள்ளிருக்கும் செப்புக்கம்பி வெளிப்படுகின்றது. எனவே பலர் வண்டிக்கு வயர் முழுவதையும் மாற்றுகின்றனர். மாற்றியபின் விளக்குகள் ஒளிர்கின்றன, ஹோர்ண் ஒலிக்கின்றது, எஞ்சினும் எழும்புகின்றது. பெற்றோல் மானி மட்டும் நிலைகெட்டு நிற்கின்றது. நிறைந்த தாங்கியை வெறுமை என்கின்றது. வற்றிய தாங்கியை நிறைவு என்கின்றது. சிலபோது பிறேக்கை மிதிக்குந்தோறும் துள்ளுகின்றது.

இதனைச் சிறு குறையென்று தள்ளுவோரும் உளர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்காய் வரிசையில் நின்றோர் அங்ஙனம் தள்ளார். வாரத்துக்கு இத்தனை இலீற்றர் என அளந்து வழங்கிய அந்நாட்களில், தாங்கியில் எவ்வளவு உண்டென்று அறியாது புறப்படுவது இடைவழியில் நிற்பதற்கு ஒப்பாயிருந்தது. அதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. காரணம் அறியாது கண்டபடி கம்பிகளைத் தொடுத்துப் பார்ப்போர், பெற்றோல் தாங்கியினுள்ளேயே தீப்பொறியைப் பிறப்பிக்கக் கூடும். தமிழ் கற்பிப்பவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று வினவுவார்க்கு இதுவே விடையாகும்.

முதற்கண் அறிய வேண்டியது, மானியின் முள் பெற்றோலைக் காண்பதில்லை என்பது. தாங்கியினுள்ளே மிதவை ஒன்று பெற்றோலின் மேல் மிதந்து ஏறியிறங்குகின்றது. அதன் கை, நுண்ணிய கம்பி சுற்றிய தடையொன்றின்மீது செப்பு நாக்கொன்றை நகர்த்துகின்றது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தடை கூடும், அல்லது குறையும். முள் காட்டுவது அத்தடையையே. அன்றியும் தாங்கியின் தடையை மட்டும் அது காட்டுவதில்லை. பற்றறியிலிருந்து உருகி, ஆளி, மானி, நெடுங்கம்பி, மிதவைக் கருவி, தாங்கியின் தகடு, வண்டியின் உடல் என்பவற்றினூடாக மீண்டும் பற்றறிக்குத் திரும்பும் முழு வழியின் நிலையையும் சேர்த்தே காட்டுகின்றது. வழியில் எவ்விடத்தேனும் கறளோ பெயின்றோ குறுக்கே நிற்பின், அதனையும் பெற்றோற் கணக்கில் எழுதிவிடும்.

திரும்பி வரும் வழிக்குத் தனிக்கம்பி கிடையாது. வண்டியின் இரும்புடலே அவ்வழியாகும். மெக்கானிக்மார் இதனை ‘எர்த்’ என்பர். பாடநூல்கள் புவித்தொடுப்பு என்னும். ‘வந்தான்’ என்றவிடத்து ‘அவன்’ என்னும் எழுவாய் தோன்றாது நின்று வாக்கியத்தை முடித்துவைப்பது போல, இதுவும் கண்ணுக்குப் புலப்படாது நின்று சுற்றை முடிக்கின்றது. புலப்படாமையினாலேயே வயர் மாற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி, இம்மானிகள் இருவகைப்படும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இயல்புடையன என்பதை அறியாமையே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

முன்னைய வகை மென்னிரும்பு வகை. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்த மைனர் வண்டிகளில் இதுவே உண்டு. இதனுள் இரு கம்பிச் சுருள்கள் உள. ஒன்று முள்ளை வெறுமைப் பக்கம் இழுக்கும். மற்றது நிறைவுப் பக்கம் இழுக்கும். மிதவைக் கருவி இரண்டாஞ் சுருளுக்குப் பக்கவழியாக அமைந்துள்ளது. தாங்கி வெறிதாயின் கருவியின் தடை பூச்சியத்தை அண்மிக்கும். மின்னோட்டம் அப்பக்கவழியே ஓடிவிட, இரண்டாஞ் சுருள் வலியிழந்து முள் வெறுமையில் நிற்கும். தாங்கி நிறையின் தடை 80, 90 ஓம் அளவுக்கு உயரும். அப்போது இரண்டாஞ் சுருள் வலிபெற்று முள்ளை நிறைவுக்கு இழுக்கும். இதன் சிறப்பு யாதெனில், பற்றறியின் வலு ஏறினும் இறங்கினும் இரு சுருள்களும் ஒருங்கே ஏறியிறங்குவதால், கணக்கு அதிகம் பிழைப்பதில்லை. இதன் குறை, பெற்றோல் தளும்புந்தோறும் முள்ளும் ஆடுவது.

பின்னைய வகை வெப்ப வகை. 1960களின் நடுப்பகுதியிலிருந்து இது பரவிற்று. இதனுள் ஈருலோகச் சட்டம் ஒன்றுளது; அதன்மேற் சுற்றிய கம்பியிற் செல்லும் மின்னோட்டம் சட்டத்தைச் சூடாக்கி வளைக்க, முள் மெல்ல ஏறுகின்றது. தாங்கி வெறிதாயிருக்கையில் தடை ஏறத்தாழ 240 ஓம். நிறைந்திருக்கையில் 20, 30 ஓம் மட்டுமே. மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவே சூடு. ஆதலின் பற்றறியின் ஏற்றவிறக்கம் முள்ளைப் பிழைபடச் செய்யும். அதனைத் தடுக்கவே ‘ஸ்ரெபிலைசர்’ என்னும் சிறு கருவி முகப்புப் பலகையின் பின்னே பொருத்தப்பட்டுள்ளது. அது மின்னை விட்டுவிட்டுச் செலுத்திச் சராசரியாக 10 உவோற்று அளவில் வைத்திருக்கும்.

உமது வண்டியில் எவ்வகையென்று மானியைத் திறவாமலே அறியலாம். திறப்பைத் திருப்பியவுடன் முள் சட்டெனத் தாவினால் மென்னிரும்பு வகை. சில விநாடிகள் சோம்பி நின்று ஊர்ந்து ஏறினால் வெப்ப வகை. இதனை அறியாது அடுத்த படிக்குச் செல்லற்க. ஏனெனில், தாங்கிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டால் மென்னிரும்பு மானி நிறைவைக் கடந்து நிற்கும். வெப்ப மானி வெறுமையில் விழும். அக்கம்பியை வண்டியின் உடலோடு தொடுத்தால் முன்னையது வெறுமைக்கு வரும். பின்னையது நிறைவுக்குப் போகும். ஒரே நோய் ஒன்றில் மிகையாகவும் மற்றதிற் குறையாகவும் தோன்றும்.

என் சக ஆசிரியர் ஒருவரின் 1959 ஆம் ஆண்டு மைனர் இதற்குத் தக்க சான்று. ஊரிலுள்ள கராச் ஒன்றிலே வயர் முழுவதும் மாற்றி, உடலுக்கும் புதுப் பெயின்ற் பூசிக் கொண்டுவந்தார். பகலில் மானி ஒழுங்காகக் காட்டிற்று. பிறேக்கை மிதித்தால் முள் மேலே துள்ளும்; இரவில் விளக்கேற்றினால் தாங்கியிற் பெற்றோல் கூடியதுபோல முள் உயர்ந்து நிற்கும். மானி பழுதென்று முடிவுகட்டி, பிற்கால வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய மானியை வாங்கிப் பொருத்தினர். அதன்பின் விந்தை மிகுந்தது. பெற்றோல் குறையக் குறைய முள் நிறைவை நோக்கிச் சென்றது! வாங்கியது வெப்ப வகை; தாங்கியில் இருந்ததோ மென்னிரும்பு வகைக்குரிய மிதவைக் கருவி. ஒன்றின் வெறுமை மற்றதன் நிறைவன்றோ? ஸ்ரெபிலைசரும் இல்லாமையால் 12 உவோற்றும் நேரே அதனுட் சென்றுகொண்டிருந்தது. இரண்டு மாதச் செலவின்பின், பழைய மானியே குற்றமற்றதென்று தெரிந்தது. நல்வேளையாக அவர் அதனை எறிந்துவிடவில்லை.

குற்றம் இருந்த இடம் டிக்கியினுள்ளே. வயர் மாற்றியவர், மிதவைக் கருவியின் எர்த் கம்பியையும் பின்விளக்குகளின் எர்த் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, பெயின்றின்மேல் ஒரே திருகாணியால் இறுக்கியிருந்தார். அத்திருகாணியடியில் இருந்த தடை ஓர் ஓமின் சிறு பங்கேயாகும். விளக்கு எரியாதபோது அது ஒரு பொருட்டன்று. ஆயின் பிறேக் விளக்கு இரண்டும் 21 உவாற்று வீதம் 42 உவாற்று. 12 உவோற்றில் அது 3.5 அம்பியர். 0.3 ஓம் தடையினூடாக 3.5 அம்பியர் ஓடினால் அவ்விடத்தில் ஒரு உவோற்றுக்குச் சற்று மேலான அழுத்தம் தேங்குகின்றது. மிதவைக் கருவியின் காலும் அதே இடத்தில் நிற்பதால், அவ்வழுத்தம் மானிக்குத் தடை கூடியதுபோலத் தோன்றுகின்றது. மென்னிரும்பு மானியில் தடை கூடுதல் என்றால் பெற்றோல் கூடுதல் என்றே பொருள். மின்னும் திசைவிளக்குகள் பூட்டிய வண்டிகளில் முள் அவற்றின் தாளத்துக்குத் தலையசைப்பதும் இக்காரணத்தாலேயே. வெப்ப மானியாயின் இதே குற்றம் முள்ளை மெல்லத் தாழ்த்தும்.

பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பு பளபளக்கச் செய்து, கருவிக்குத் தனியாகவும் விளக்குகளுக்குத் தனியாகவும் கம்பி பூட்டி, கறள் பிடியாதிருக்க வசிலின் தடவியவுடன் முள் அடங்கிற்று. செலவு கம்பித்துண்டின் விலைதான்.

இதிலிருந்து, முள்ளின் ஆட்டம் எதனோடு சேர்ந்து வருகின்றது என்பதைக் கவனித்தலே ஆராய்ச்சியின் தொடக்கம் என்பது பெறப்படும். ஒரு தாளில் இரண்டு நாள் குறித்துவைத்தாற் போதும். விளக்குகளோடு சேர்ந்து ஆடினால் எர்த்தையே ஐயுறுக. வீதியின் குழிகளிற் குலுங்கும்போது முள் ஒரு கோடிக்குப் பாய்ந்து மீண்டால், எங்கோ ஒரு கம்பிமுனை தளர்ந்துள்ளது. எப்போதும் ஒரே மட்டத்தில், சான்றாக அரைத் தாங்கியில் மட்டும், முள் தடுமாறி மற்றைய மட்டங்களில் ஒழுங்காயிருந்தால், செப்பு நாக்கு அடிக்கடி நடந்த பாதை தேய்ந்துவிட்டதென்க. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த தாங்கியாயின் அக்கம்பியிற் பச்சைப்பாசியும் கறளும் ஏறியிருக்கும். முள் எக்காலமும் வெறுமையிலேயே படுத்திருந்து, தாங்கியில் பெற்றோல் இருப்பது உறுதியானால், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருத்தல் கூடும். அல்லது மென்னிரும்பு மானியின் உடலுக்கே எர்த் கிடையாதிருக்கும். முகப்புப் பலகைக்கும் பெயின்ற் பூசிய வண்டிகளில் இப்பின்னையது நேர்வதுண்டு. இரண்டாஞ் சுருளின் மறுமுனை மானியின் உடலிலேயே முடிகின்றது என்பதை நினைவிற் கொள்ளுக.

வெப்ப மானியுள்ள வண்டியில் முள் எப்போதும் மிகையாகக் காட்டுமானால் ஸ்ரெபிலைசரை நோக்குக. அதன் உடலும் வண்டியின் இரும்போடு தொட்டிருத்தல் வேண்டும். தொடாவிடின் அது விட்டுவிட்டுச் செலுத்தும் தொழிலை நிறுத்தி, முழு 12 உவோற்றையும் விட்டுவிடும். வண்டியில் வெப்பநிலை மானியும் இவ்வகையினதாயின் தீர்ப்பு எளிது: இரண்டும் ஒருங்கே பிழைத்தால் ஸ்ரெபிலைசர், ஒன்று மட்டும் பிழைத்தால் அதனதன் சொந்த வழி. இக்காலத்தில் இதற்கு இலத்திரனியற் கருவிகள் கிடைக்கின்றன, நல்லவையே. எனினும் பழைய வண்டிகள் பல பற்றறியின் நேர்முனையை உடலோடு தொடுத்தவை. வயர் மாற்றும்போது சிலர் எதிர்முனைக்கு மாற்றிவிடுகின்றனர். பழைய ஸ்ரெபிலைசர் அதனைப் பொருட்படுத்தாது. புதியதோ முனை மாறினாற் கெட்டுப்போகும். வாங்குமுன் உமது வண்டியின் முனை எதுவெனப் பற்றறியிற் பார்த்தே வாங்குக.

கம்பிகளின் நிறம் பற்றியும் ஒரு சொல். அக்கால ஆங்கில வண்டிகளில் நிறத்துக்கு இலக்கணம் இருந்தது. உருகியினூடாக வரும் மின்னுக்குப் பச்சை, மானியிலிருந்து தாங்கிக்குச் செல்வதற்குப் பச்சையிற் கறுப்புக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு, ஸ்ரெபிலைசரிலிருந்து மானிகளுக்கு இளம்பச்சை. இவ்விலக்கணம் அறியாது கையிற் கிடைத்த நிறத்தால் வயர் இழுப்போர், பிற்காலத்துக்குத் தீராத வழக்கொன்றை விட்டுச் செல்கின்றனர். பச்சையும் பச்சைக்கறுப்பும் இடம் மாறிவிட்டால் பற்றறியின் மின் நேரே மிதவைக் கருவிக்குச் செல்லும். தாங்கி வெறிதாயிருக்கையில் அங்கு தடையே இல்லை என்று முன்னர்க் கண்டோம். நுண்கம்பி பழுக்கக் காய்ந்து எரியும். எரிவது பெற்றோல் ஆவியின் நடுவிலே. ஆதலின் தாங்கிக்குச் செல்லும் கம்பிமுனையைப் பற்றறியோடு ஒருபோதும் தொடுத்துப் பார்த்தலாகாது. வயர் மாற்றிய வண்டியைக் கையேற்கும் எவரும் முதலிற் சோதிக்க வேண்டியது இதுவே.

சோதனை முறை வருமாறு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துக. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது, மூடிய கராசின் நிலத்திலே தேங்கி நிற்கும். தாங்கியின் மூடி இறுக்கமாயிருக்கட்டும். திறப்பை அணைத்தபின் மிதவைக் கருவியிலிருந்து பச்சைக்கறுப்புக் கம்பியைக் கழற்றுக. மைனரில் இதனை டிக்கியினுள்ளிருந்தே அடையலாம். கம்பிமுனையைத் தாங்கிக்கு அப்பால் ஒரு முழமாவது நீட்டி வைத்துத் திறப்பைத் திருப்பி முள்ளைப் பார்க்க. பின்னர் அணைத்து, முனையை உடலின் வெறும் இரும்போடு தொடுத்து மீண்டும் பார்க்க. முன்னர்ச் சொன்னவாறு முள் இரு கோடிக்கும் செல்லுமாயின் மானியும் நெடுங்கம்பியும் குற்றமற்றவை. குற்றம் கருவியில், அல்லது அதன் எர்த்தில். செல்லாவிடின் இதே சோதனையை மானியின் பின்புறத்தில் ‘ரீ’ என்று குறித்த முனையிற் செய்க. அங்கே சரியாயின் இடையிலுள்ள கம்பி அறுந்தது. அங்கும் பிழையாயின் அப்போதுதான் மானியை ஐயுறலாம். வெப்ப மானியை நேரே உடலோடு தொடுத்து நெடுநேரம் வைத்தல் அதற்கு ஊறு. றேடியோக் கடையில் விற்கும் 22 ஓம், 220 ஓம் தடைகளை இடையில் வைத்துச் சோதித்தலே மேல். முதலாவது நிறைவின் அண்மையிலும் இரண்டாவது வெறுமையின் அண்மையிலும் முள்ளை நிறுத்த வேண்டும்.

எர்த்தைச் சோதிக்க இதனினும் எளிய வழியுண்டு. திறப்பு அணைந்திருக்கையில் கருவியின் தகட்டிலிருந்து உடலின் சுத்தமான இரும்புக்குத் தனிக்கம்பி ஒன்றைப் பூட்டுக, திறப்பைத் திருப்புக. முள் ஒழுங்குபட்டால் விசாரணை முடிந்தது.

கருவியைக் கழற்ற நேர்ந்தாற் பற்றறியின் தொடுப்பை முற்றாக அகற்றியபின்னரே கழற்றுக. பெற்றோலையும் இயன்றவரை இறக்கிவிடுக. மிதவை உலோகத்தாலானதாயின், எரிநெருப்புக்கு அப்பால், சுடுநீரில் அமிழ்த்திப் பார்க்க. ஓட்டை இருந்தால் குமிழிகள் எழும். உள்ளே பெற்றோல் புகுந்த மிதவையைப் பற்றாசு வைத்து அடைக்க முயலற்க. சூடேறியவுடன் அது வெடிகுண்டாகும். புதிய மிதவை வாங்குதல் கண்ணுக்கும் கைக்கும் மலிவானது. கருவியைத் திரும்பப் பூட்டுகையில் தடித்த கசியாப் பசையைத் தகட்டின் மேலும் கீழும் திருகாணித் துளைகளிலும் அப்பிவிட்டால், பெற்றோல் கசியாது, மின்னும் செல்லாது. திருகாணிகளில் ஒன்றாவது இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கட்டும். அல்லது தகட்டிலிருந்து தனிக்கம்பி ஒன்று உடலுக்குச் செல்லட்டும்.

எல்லாம் சரியானபின்னும் முள் அங்குலப் பிசகில்லாமற் காட்டுமென்று எதிர்பார்த்தல் தகாது. புதிதாய் இருந்த காலத்திலும் அது அவ்வாறு காட்டியதில்லை. 1957 இன் பின் வந்த மைனரின் தாங்கி ஆறரைக் கலன், அதாவது ஏறத்தாழ 29 இலீற்றர் கொள்ளும். தாங்கி வற்றிய ஒரு நாளில், வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, ஐந்தைந்து இலீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்குமிடத்தைச் சிறு அட்டையொன்றிற் குறித்துக்கொள்க. வெப்ப மானியாயின் ஒரு நிமிடம் பொறுத்துக் குறிக்க. அவ்வட்டையைக் கையுறைப் பெட்டியினுள் ஒட்டிவைத்தால், வண்டியை இரவல் வாங்குவோர்க்கும் அது உதவும்.